வாய்க்கட்டும் எண்ணூறு மில்லிகிராமும்

1

ஊசி போட வந்த பெண் ஊசியை எடுக்காமல் மருந்துக் குறிப்பு அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த நாட்டில் யாராவது ஒரு காகிதத்தை இரண்டாம் முறை படித்தாலே எனக்குப் பயம்தான். பள்ளிக்கூடம், நகராட்சிக் கவுன்சில், ஆஸ்பத்திரி எதுவானாலும் சரி, ஒரு தடவை படித்துவிட்டு முத்திரை குத்தினால் பிழைத்தோம். மறுபடி மேலே போய்ப் படித்தால் தலையில் இடி.

அவள் பெயர் நோரா. அயர்லாந்துக்காரி. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பதினைந்து நாளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது ஒரு நர்ஸ் வந்து என் வீட்டுக்காரருக்கு ஊசி போடுவது எங்கள் வீட்டில் பல வருஷ வழக்கம். வருவாள், அவர் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி நிற்பார், குத்துவாள், நான் டீ வேண்டுமா என்பேன், வேண்டாம் என்பாள், போய்விடுவாள். இந்தப் புதுப்பெண் மட்டும் அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"இவருக்கா இவ்வளவு?" என்றாள். "ஊசியும் போட்டு, மாத்திரை எண்ணூறு மில்லிகிராமுமா? இவர் எடை எவ்வளவு?"

நான் "நோ பிராப்ளம், நோ பிராப்ளம்" என்றேன். பயந்துவிட்டால் என் வாயில் வரும் இங்கிலீஷ் அதுதான். வீட்டில் திருடன் புகுந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

"முதலில் இவ்வளவு எழுதியது யார்? ஏன்?"

இந்த எட்டு வருஷத்தில் ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு அதற்குப் பதில் தெரியும். அதனால்தான் பயந்தேன்.

2

எங்களுக்கு ஊர் திருத்தணிப் பக்கம் பொதட்டூர்பேட்டை. என் வீட்டுக்காரர் வேலாயுதம், லுங்கி நெய்கிற குடும்பம். அறுபத்து நான்கில் வேலை அனுமதிச் சீட்டு கிடைத்து, வட இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலை ஊருக்குத் தறி ஓட்ட வந்தார். மூன்று வருஷம் கழித்து ஊருக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு கூட்டிப்போனார். வீட்டில் தறி ஓட்டினவர் சீமைக்குப் போயும் தறிதான் ஓட்டுகிறார் என்று எங்கள் தெருவில் கேலி பேசினார்கள். இன்று அந்த மில்லில் தறியும் இல்லை, மில்லும் இல்லை.

அவரை நான் முதன்முதலில் பார்த்ததே வாய் கட்டின கோலத்தில்தான். பெண் பார்க்கும் சடங்கைத் திருத்தணியில் ஆடிக் கிருத்திகை அன்று வைத்துக்கொள்ளலாம், ஒரே பஸ் செலவு என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அவருக்கு அன்று வேண்டுதல் இருந்தது யாருக்கும் ஞாபகமில்லை. வாய்க்கட்டு என்றால் மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, விடிந்ததிலிருந்து மலையேறிக் காவடி செலுத்தும்வரை ஒரு பேச்சில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பொய்கைப் படிக்கட்டில் நாங்கள் பட்டும் பூவுமாக உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை வெறுங்காலோடு காவடி தூக்கிக்கொண்டு வந்து நின்றார். என் நைனா, அதாவது அப்பா, அவர் பெயரைக் கேட்டார். அவர் ஒரு கையை வேல் மாதிரி நிமிர்த்திக் காட்டினார். சம்பளத்தைக் கேட்டார். விரலைக் காட்டினார்.

"பேசாத மாப்ள கெடைக்கறதுக்குப் புண்ணியம் பண்ணியிருக்கணும், கட்டிக்கோம்மா," என்றார் நைனா. கூட்டமே சிரித்தது. அவரும் துணிக்குள்ளே சிரித்தார், கண்ணில் தெரிந்தது.

3

எழுபத்தேழில் மில்லில் பாதித் தறிகளை நிறுத்தினார்கள். கூடப் பிறந்த மாதிரி பழகின ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு இவர் ஒரு நாள், தறி தன் பெயரைச் சொல்கிறது என்றார். சிரித்தேன். நின்றுபோன தறியும் சொல்கிறது என்றார். அப்போது சிரிப்பு வரவில்லை. சாப்பாட்டை மோந்து பார்க்க ஆரம்பித்தார். ஜன்னலுக்குப் பழைய செய்தித்தாள் ஒட்டினார். மறு தை மாதம் ஒரு நாள், பட்டப்பகலில் சாலை நடுவில் நின்றுகொண்டு பஸ்களை நிறுத்தி, யாரும் மில்லுக்குப் போகாதீர்கள், கொன்றுவிடுவார்கள் என்று தமிழில் கத்தினார். ஐந்து போலீஸ்காரர்கள் வந்து மனநோய் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அவர் யார் மேலும் கை வைக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் "ஆபத்தானவர், அச்சுறுத்தும் தோற்றம்" என்று ஏறிவிட்டது. ஐந்தடி மூன்றங்குலம், மழையில் நனைந்தாலும் ஐம்பது கிலோ தாண்டாத மனுஷர். அவரைப் பார்த்துப் பயந்த முதல் ஆள் அதை எழுதின டாக்டர்தான். பொதட்டூர்பேட்டையில் கோழிகூட அவருக்கு ஒதுங்கினதில்லை.

வியாதிக்குப் பெயர் ஸ்கிசோஃப்ரினியா என்றார்கள். என் இங்கிலீஷ் நான் வேலை பார்த்த சாக்ஸ் தொழிற்சாலை இங்கிலீஷ். ஜோடி, டஜன், பிரேக் டைம், அவ்வளவுதான். அதனால் டாக்டர் அறைக்கு என் மகள் வள்ளியைத்தான் கூட்டிப்போவேன். அவளுக்கு ஒன்பது வயது. டாக்டர் பத்து நிமிஷம் விளக்கினார். வள்ளி கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "நைனா தலைக்குள்ள ரேடியோ ஓடுதாம்மா, நிறுத்த முடியலியாம்," என்றாள். ஒன்பது வயதுக் குழந்தையின் வாயால் அதைக் கேட்கும்படி ஆனது. அன்றைக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

4

வார்டில் அவருக்கு இடப்பக்கக் கட்டிலில் ஆல்பர்ட் என்ற வெள்ளைக்காரர். வலப்பக்கத்தில் எட்வின், ஜமைக்காக்காரர், பஸ் கண்டக்டராக இருந்தவர். மூன்று பேருக்கும் ஒரே வியாதி. ஆல்பர்ட் நாற்காலியால் ஜன்னலை உடைத்துவிட்டு வந்தவர். எட்வின் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கும்போது உரக்க ஜெபம் செய்தார் என்று கொண்டுவந்தார்கள்.

பெர்ல் என்று ஒருத்தி அங்கே தரை துடைப்பாள். அவளும் ஜமைக்காதான். ஒரு நாள் மாப்பை நிறுத்திவிட்டு என் காதோரம், மாத்திரை வண்டி வரும்போது கிண்ணங்களைக் கவனி என்றாள். ஆல்பர்ட்டுக்கு ராத்திரிக்கு மட்டும் ஒன்று. வாரம் ஒரு நாள் டாக்டர் அவரை நாற்காலி போட்ட அறையில் உட்காரவைத்துப் பேசுவார். மதியம் தோட்ட வேலை. என் வீட்டுக்காரருக்கு மூன்று வேளையும் மாத்திரை. எட்வினுக்கு மாத்திரையோடு ஊசியும். பேசும் அறைக்கு அவர்கள் இரண்டு பேரையும் யாரும் கூப்பிடவில்லை.

"யாருக்குக் கை நடுங்குகிறது, யாருக்கு எச்சில் வழிகிறது என்று பார்," என்றாள் பெர்ல். "அப்புறம் தோலைப் பார். நான் தரை துடைக்கிறவள். எனக்கே தெரிகிறது."

பார்த்தேன். பார்த்த பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. டாக்டர் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மரியாதையாகப் பேசுவார், வள்ளிக்கு மிட்டாய் கொடுப்பார். ஆல்பர்ட் பேசினால் அவருக்குப் புரிந்தது, கேட்டார். எங்கள் ஆட்கள் பேசினால் புரியவில்லை. புரியாத இடத்தில் மருந்தை ஏற்றினார். அவருக்கு எங்களைக் கண்டு பயம், எனக்கு அவரைக் கண்டு பயம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

5

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவருடைய அண்ணன், எனக்குப் பாவா முறை, ஆர்.கே.பேட்டையில் இருக்கிறார். அவருக்கும் இதே வியாதி, இவருக்கு முன்னாலேயே வந்தது. ஊர் என்றால் எல்லாம் அன்பு மயம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் ஒரு மாதம் பாவாவை ஒரு தர்காவுக்கும் ஒரு கோயிலுக்கும் மாறி மாறி இழுத்துப்போய், காலில் சங்கிலி போட்டுக் கட்டிவைத்தார்கள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அப்புறம்தான் யாரோ புத்தி சொல்லி மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்.

நான் கடிதம் போட்டுக் கேட்டதற்கு அவர் மனைவி மாத்திரை அட்டையைப் பார்த்துப் பெயரை எழுத்துக் கூட்டி எழுதியிருந்தாள். குளோர்ப்ரோமசின். இவருக்கு இங்கே தருவதும் அதே மாத்திரை. "ராத்திரிக்கு ஒரே ஒரு மாத்திரை, நூறு. சாப்டுட்டு தூங்கறாரு, காத்தால தறில குந்தறாரு. மாசத்துல ரெண்டு நாளு பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு தனியா பேசிகினு இருப்பாரு. கண்டக்டருங்க டீ வாங்கிக் குடுத்து வூட்டாண்ட உட்டுடுவாங்க," என்று எழுதியிருந்தாள்.

ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர். அங்கே நூறு, இங்கே அப்போதே நானூறு. கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் தமிழ்க் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தியாவில் மருந்து எப்படித் தருகிறார்கள் என்று தனக்குத் தெரியாது என்று சிரித்தார். தெரியாதுதான். தெரிந்துகொள்ளவும் இல்லை.

6

ஆனாலும் ஆனி மாதத்தில் அவர் தேறினார். குரல்கள் போய்விட்டன என்று அவரே சொன்னார். கை நடுங்கினாலும் வள்ளியின் பாவாடையில் பிரிந்த நூலை முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். இன்னும் இரண்டு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பலாம், மருந்தையும் குறைக்கலாம் என்று டாக்டர் சொன்னதை வள்ளி குதித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்.

அங்கேதான் நான் தப்புச் செய்தேன். அவர் தேறிவிட்டால் ஆடிக் கிருத்திகைக்கு அவர் வாய்க்கட்டு இருப்பார் என்று நான் தை மாதமே முருகனிடம் வேண்டியிருந்தேன். ஊரிலிருந்து வந்த நாள்காட்டியில் கிருத்திகை அந்த இரண்டு வாரத்துக்குள்ளே விழுந்தது. சாமி கேட்டதைக் கொடுத்துவிட்டார், நாம் வாக்கைக் காப்பாற்ற வேண்டாமா? வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க எனக்குத் தைரியமில்லை. தள்ளிப்போட்டால் வியாதி திரும்பி வந்துவிடும் என்று பயந்தேன். மஞ்சள் துணியை மடித்து முந்தானையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

"வர்ற செவ்வாய்க்கெழம கிருத்திக. வாய்க்கட்டு இருக்கறதா வேண்டிகினு இருக்கேன். இருப்பீங்களா?" என்றேன்.

"இருக்கறேன். இங்க மலை ஏது?"

"பொழுது போறவரிக்கும் இருந்தா போதுங்க. ஆனா யாராண்டையும் சொல்லிடாதீங்க. வேண்டுதல முன்னாடியே சொன்னா பலிக்காது."

"ஆங்," என்றார்.

நானும் சொல்லவில்லை. நர்ஸிடம் சொல்லவில்லை, டாக்டரிடம் சொல்லவில்லை, பெர்லிடம்கூடச் சொல்லவில்லை. வள்ளிக்கு மட்டும் தெரியும். துணியை மடிக்கும்போது பக்கத்தில் இருந்தாள். நம் ஊரில் வாய் கட்டினவரைப் பார்த்தால் வழி விட்டு ஒதுங்குவார்கள், காலில் தண்ணீர் ஊற்றுவார்கள். மனநோய் ஆஸ்பத்திரி வார்டில் ஒருத்தர் பேசாமல், சாப்பிடாமல், மாத்திரையை வாங்காமல், வாயில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் என்ன நினைப்பார்கள் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

7

கிருத்திகை அன்றைக்குக் காலை பத்து மணிக்குத் தொழிற்சாலைக்குப் போன் வந்தது. பள்ளி விடுமுறை, வள்ளியையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். வார்டு வாசலில் பெர்ல் அழுதுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லையாம். மாத்திரை கொடுத்தபோது கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். நர்ஸ் துணியை அவிழ்க்கப் போனாள், விடாமல் பிடித்துக்கொண்டார். மணியை அடித்தார்கள். ஆறு பேர் வந்து கட்டிலில் குப்புறப் போட்டு அமுக்கி ஊசி போட்டார்களாம்.

டாக்டர் அறையில் மேஜை மேல் அந்த மஞ்சள் துணி கிடந்தது. டாக்டர் அன்று மிட்டாய் கொடுக்கவில்லை. துணி எப்படி வார்டுக்குள் வந்தது என்று கேட்டார். கழுத்தை இறுக்கிக்கொள்ளவா? யார் கொடுத்தது? பேசக் கூடாது, சாப்பிடக் கூடாது என்று அவருக்குக் கட்டளை போட்டது யார்? அப்புறம் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டு வள்ளியிடம் மெதுவாக ஏதோ கேட்டார். வள்ளி தயங்கினாள்.

"இன்னா கேக்கறாரு?"

"ஒன்கூடயும் சாமி பேசுதான்னு கேக்கறாரும்மா."

எங்களுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு ஜமைக்காப் பெண் இருந்தாள். அவளை இதே ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று மதியமே, பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்று கவுன்சில் கார் வந்து அவள் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கார் கண்ணாடியில் அந்தச் சின்னதின் கை ஒட்டியிருந்தது. ஆம், துணி நான் கொடுத்தேன், சாமிக்கு வாக்குக் கொடுத்தேன் என்று சொன்னால் எனக்கும் ஒரு கட்டில் போடுவார்கள், வள்ளியைக் கார் ஏற்றுவார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பைத் தவிர வேறெதுவும் எனக்குள் இல்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு," என்றேன். "துணி நான் குடுக்கல. அவராவே பண்ணிகினாருன்னு சொல்லு."

வள்ளி என்னைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள்.

"சொல்லுடி."

சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார்.

அதற்கப்புறம் நாலைந்து நாள் அவர் வாயே திறக்கவில்லை என்றார்கள். வியாதி முற்றிவிட்டது என்று எழுதி, மருந்தை ஏற்றினார்கள். பேசாத ஒவ்வொரு நாளும் ஏற்றினார்கள். எண்ணூறு ஆனது, பதினைந்து நாள் ஊசியும் சேர்ந்தது. பூட்டு போட்ட பின்கட்டடத்துக்கு மாற்றினார்கள். பதினான்கு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தவர் என் வீட்டுக்காரர் மாதிரி இருந்தார், அவ்வளவுதான். நாக்கு தடித்துப்போய் ஆங், ஊகூம் தவிர வேறு பேச்சு வராது. டம்ளரைப் பிடித்தால் பாதி தரையில். தறி நாடாவைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓட்டின கை அது. ஊருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் "அவர் சுகம், நான் சுகம், வள்ளி நன்றாகப் படிக்கிறாள்" என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

வள்ளி நன்றாகத்தான் படித்தாள். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு என்னிடம் தமிழில் பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயரைச் சுருக்கி வால் என்று கூப்பிடுகிறார்கள். வால் இல்லாத குரங்குதான் நம் வீட்டில் உண்டு என்று கேலி செய்து பார்த்தேன். சிரிக்கவில்லை. பிள்ளைகள் இங்கே வளர்ந்தால் அப்படித்தான் என்று மற்ற அம்மாக்கள் ஆறுதல் சொன்னார்கள். எனக்குக் காரணம் வேறு என்று தெரியும்.

8

நோரா விடவில்லை. அடுத்த தடவை எடை பார்க்கும் மெஷினையே தூக்கிக்கொண்டு வந்தாள். பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டாராம், புது டாக்டர் ஒரு அம்மாளாம், கேஸைத் திரும்பப் பார்க்க ஒப்புக்கொண்டாராம். மனைவியான நான் வந்து, மருந்தை ஏற்றின அன்றைக்கு என்ன நடந்தது என்று சொன்னால் உதவும் என்றாள். நான் மூன்று ராத்திரி தூங்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் சொன்ன பொய்க்கு இங்கே ஜெயில் உண்டா என்று யாரைக் கேட்பது?

வள்ளியைக் கூட வரச் சொன்னேன். பதினேழு வயது இப்போது, என்னைவிட உயரம். ரொம்ப நாள் கழித்துத் தமிழில் பேசினாள்.

"வர்றேன். ஆனா டிரான்ஸ்லேட் பண்ணமாட்டேன். இந்தத் தடவ நீயே சொல்லு."

புது டாக்டர் மேஜைக்கு இந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் எழுந்து நின்றுகொண்டேன். "கிளாத், மீ," என்றேன். "காட், மீ. ஹிம் நோ. ஹிம் குட் மேன்." துணி நான், சாமி நான் என்று சொல்லிவிட்டேனா, அந்த அம்மாளுக்கு முழி பிதுங்கியது. வள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் கண்ணீர். என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, அவளே மலை, கிருத்திகை, வாய்க்கட்டு எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னாள். காருக்குப் பயந்ததையும் சொன்னாள். அவளுக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியாது.

டாக்டர் பழைய காகிதங்களைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை மறுபடி மேலே போய்ப் படித்தார். அப்புறம் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். "இந்த அளவுக்கு இங்கே ஒரு காரணமும் எழுதியிருக்கவில்லை. ஏற்றினார்கள், இறக்க மறந்துவிட்டார்கள்."

9

மெதுவாகத்தான் குறைக்க வேண்டும் என்றார்கள். ஒரு வருஷமாகக் குறைக்கிறார்கள். இப்போது இருநூறு, ஊசி மாதம் ஒன்று, அதுவும் பாதி. எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு மட்டும் உயிர் கையில் இல்லை. மருந்து அதிகம் என்று பயந்தவள் இப்போது மருந்து குறைகிறதே என்று பயப்படுகிறேன். தனக்குத்தானே பேச ஆரம்பித்தால் உடனே போன் பண்ணு என்று நோரா சொல்லி, நம்பரைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். நான் அவர் சாப்பாட்டை மோந்து பார்க்கிறாரா என்று பார்க்கிறேன். வள்ளி படித்து முடித்த கையோடு செய்தித்தாளை ஒளித்துவைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. வள்ளி லைப்ரரிக்குப் போயிருந்தாள். நான் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கீழே சமையலறையில் அவர் குரல் கேட்டது.

"கேட்டுடு... வேணாம், கேக்காத... கேட்டா இன்னா சொல்லுவா..."

அவரைத் தவிர அங்கே ஆள் இல்லை. எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. படிக்குக் கீழே இருந்த போனை எடுத்து நம்பரைச் சுழற்ற ஆரம்பித்தேன். நாலு எண் சுழற்றியிருப்பேன். அவர் சமையலறை வாசலில் வந்து நின்று, என் கையில் இருந்த போனையும் சுவரில் இருந்த நம்பரையும் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கா?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"பேசிட்டு வையி. ஒண்ணு கேக்கணும் சரசு. நாலு நாளா கேக்கணும் கேக்கணும்னுதான் பார்த்துகினு இருக்கேன், வாய் வரல." நாக்கு தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. ஆனாலும் ஒன்பது வருஷத்தில் அவர் பேசின நீளமான பேச்சு அது.

நான் போனை வைத்துவிட்டேன்.

"அன்னிக்கி ஊசி குத்தறப்போ 'அம்மா'ன்னு கத்திட்டேன். வாய்க்கட்டு கெட்டுப்போச்சா? அதனாலதான் எனக்கு ஒடம்பு நல்லாவலியா?"

ஒன்பது வருஷமாக இந்த மனுஷர் இதை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தன் மேல்தான் குற்றம் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஊசிக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றிருக்கிறார். எனக்கு அழுகை வெடித்தது. படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கேட்டதைச் சொன்னேன். துணி நான் கொடுக்கவில்லை என்று குழந்தை வாயால் சொல்லவைத்ததைச் சொன்னேன்.

"நீங்க ஒண்ணும் கெடுக்கலங்க. நான்தான் கெடுத்தேன். புள்ளைய தூக்கிகினு போயிடுவாங்கன்னு பயந்துட்டேன்."

அவர் மெதுவாக வந்து எனக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். கை நடுக்கத்தை நிறுத்த முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"என்னியும் கேட்டாங்க சரசு," என்றார். "துணி யாரு குடுத்ததுன்னு நாலு நாளு கேட்டுகினே இருந்தாங்க. உன்னிய புடிச்சி வெச்சிகினா புள்ளைக்கு யாரு கீறாங்க? அதான் நான் வாயவே தொறக்கல."